கண்டோர் கூற்றும் பொதுநோக்கும்

நுவல்பொருள்

தெருவினும் துறையினும் வண்டி நிலையத்தினும் மக்கள் தம்மைப் பிறர் காண்கின்றனர் என்னும் நினைவின்றிச் செய்யும் செயல்கள் பல. ஒருவர் தமக்குள் பேசிக்கொள்கிறார். ஒருவர் விரல் மடக்கி எதையோ எண்ணுகிறார். ஆற்றில் நீராடி எழுந்த ஒருத்தி கூந்தலைத் துவட்டிக்கொண்டே, மறந்துபோன பாட்டின் ஓரடியைத் தேடி முனகுகிறாள். இவை மறைவிற் செய்யும் செயல்கள் அல்ல. பிறர் காணட்டும் என்று செய்வனவும் அல்ல. பொதுவிடத்தில் அமைந்த தனிமை என்று இதனைக் குறிக்கலாம். இத்தனிமையை அயலார் ஒருவர் கண்டு நிற்றல் தகுமோ, கண்டதைப் பிறர்க்குச் சொல்லுதல் தகுமோ என்பது சிறிய வினாப்போலத் தோன்றும். இலக்கியத்தின் பெரும்பகுதி இவ்வாறு கண்டு சொல்லியதனால் ஆயது என்பதை நினைப்பார்க்கு, இவ்வினா இலக்கியத்தின் அறம் பற்றியது என்பது புலனாகும்.

தமிழ் இலக்கணம் இவ்வயலார்க்கு ஒரு பெயர் தந்துள்ளது. கண்டோர் என்பதே அப்பெயர். கண்டோர் கூற்று என்னும் துறையைப் பாலைத்திணையின் ஒரு சிறு கூறாகவே நாம் பயின்றும் பயிற்றியும் வருகின்றோம். அத்துறையுள் நோக்குதலின் ஒழுக்கம் ஒன்று அடங்கியுள்ளது என்பது எம் கருத்து. கண்டபின் உள்ளத்தில் அளி பிறத்தலும், கண்டவரைப் பெயர் சுட்டாது விடுதலும் ஆகிய இரண்டுமே அவ்வொழுக்கம். இவ்விரண்டும் உள்ள நோக்கு உறவாகும்; இவ்விரண்டும் இல்லாத நோக்கு களவாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாபநாசமும் பாலையும்

இப்பொருளை யாம் எண்ணத் தொடங்கியது பாபநாசத்தில். தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையே, குடமுருட்டியாற்றை அடுத்து, நெல்வயல்கள் சூழ அமைந்தது அவ்வூர். அதனை ஒட்டியுள்ள திருப்பாலைத்துறையில் தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில் உண்டு; நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று அக்கோயிலில் இன்றும் நிற்கின்றது. நெல்லை மலையெனக் குவித்து வைத்த மருதநிலத்தின் நடுவே பாலை என்னும் பெயர் வழங்குவது வியப்பே. அப்பெயர் மரத்தால் வந்தது, திணையால் வந்ததன்று என்பதை அறிவோம். ஆயினும் வண்டிக்குக் காத்திருப்போரும் வழிச்செல்வோரும் நிறைந்த அவ்வூரில் நின்றபோது, வழிச்செல்வோரைப் பாடும் பாலைத்திணையே எம் நினைவுக்கு வந்தது.

அந்நினைவுக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. பாபநாசத்திற்கு அணித்தே உள்ளது உத்தமதானபுரம். இக்கட்டுரையில் யாம் எடுத்தாளும் நூல்களுள் பத்துப்பாட்டை 1889-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், குறுந்தொகையைத் தம் உரையோடு 1937-லும் பதிப்பித்து நமக்கு அளித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ஊர் அது. அவ்வூர்ப் பக்கத்து வண்டி நிலையத்தில் எமக்கு நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் நூல்கள் கூறுவதைக் காண்போம்.

கண்டோர்க்கு உரிமை தந்த இலக்கணம்

தொல்காப்பியர் அகத்திணையியலில் உடன்போக்குப் பற்றிக் கூறுமிடத்துக் கண்டோர் மொழியும் இடங்களைத் தொகுத்துரைக்கின்றார். பொழுதும் வழியும் அஞ்சத்தக்கன என்று காட்டுதல், தம் ஊர் அண்மையில் உள்ளது என்றும் அவர் செல்லும் நாடு சேய்மையில் உள்ளது என்றும் அன்போடு எடுத்துரைத்தல், அவர் நிலைக்கு உள்ளம் நெகிழ்ந்து விடை கொடுத்தல், மகளைத் தேடிவரும் தாயின் நிலை கண்டு அவளைத் தடுத்தலும் விடுத்தலும் ஆகியன அவை. இவற்றுள் வெறுங்காட்சியாய் நிற்பது ஒன்றேனும் இல்லை என்பதைக் கருதுக. கண்டோர் என்று பெயர் பெற்றாராயினும் அவர்தம் தொழில் காணுதலோடு முடிவதில்லை. கண்ட கண் கண்டவர்க்கு ஆவதொன்றைத் தேடுகின்றது. இரவில் தங்க ஊருண்டு என்று கூறும் வாய்தான் கண்டோரைக் கண்டோராக்குகின்றது.

செய்யுளியலில் இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உளது. கூற்றுக்கு உரியோரை வகுக்கும் தொல்காப்பியர், கற்பிற்கு உரிய பன்னிருவருள் கண்டோரையும் ஒருவராக வைக்கின்றார். அதே இயலில், ஊராரும் அயலாரும் சேரியோரும், ஏன், தலைவியின் தந்தையும் தமையனும்கூட, நேரே கூற்று நிகழ்த்தும் உரிமை உடையரல்லர் என்கின்றார். அவர்கள் சொல்லைப் பிறர் எடுத்துக் கூறலாமே அன்றி, அவர் வாயிற் பாட்டுப் பிறப்பதில்லை. ஒரே தெருவில் வாழ்வோர்க்கு இல்லாத உரிமை, வழியிற் கண்ட அயலார்க்கு வழங்கப்பட்டுள்ளது.

இஃது ஏன்? ஊராரும் அயலாரும் தலைவியைப் பெயரால் அறிவர்; அவள் குடியை அறிவர். அவர் கண்டது அலராகும். அலர் என்பது காட்சியோடு பெயரைச் சேர்த்து ஊரெங்கும் பரப்புதல். வழியிற் கண்டோர்க்கோ பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை. அவர் நோக்கு அவ்வழியிலேயே முடிந்துவிடுகின்றது. அறிந்தோர் நோக்கினும் அறியாதோர் நோக்கு அகப்பாட்டிற்கு ஏற்றதாயது இதனாலேயே எனக் கொள்வது பொருந்தும். இக்காரணம் நூற்பாவில் வெளிப்படக் கூறப்பட்டதன்று. நூற்பாக்களை ஒருங்கு வைத்து நோக்கியவழி எமக்குத் தோன்றியது.

அடி நோக்கிய கண்

குறுந்தொகையின் ஏழாம் பாட்டுப் பெரும்பதுமனார் பாடியது. கண்டோர் கூற்றாக அமைந்தது. சுரத்தின்கண் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போகின்றனர். அவரைக் கண்டோர் பேசுகின்றனர். இச்சிறு பாட்டில் கண்டோரின் கண் எங்கே செல்கின்றது என்பதை மாணவர் பலர் கருதுவதில்லை. அது முகத்திற்குச் செல்லவில்லை. வில்லும் தொடியும் ஒவ்வொரு சொல்லாற் குறிக்கப்பட்டு நிற்க, நோக்கு அடியில் தங்குகின்றது. அவன் காலில் கழல். அவள் மெல்லிய அடியில் சிலம்பு. சிலம்பு இன்னும் கழற்றப்படவில்லை, ஆதலின் அவள் மணம் முடியாதவள் என்பதைக் கண்டோர் அறிந்துகொள்கின்றனர். ஊரில் உள்ளார் இதனை அறிந்தால் அலர் எழுந்திருக்கும். இக்கண்டோர் வாயில் எழுவதோ அவரை நல்லோர் என்னும் சொல். அதனை அடுத்து, இவர் யாரோ என்னும் வினாவும், அளியர் என்னும் இரக்கமும் எழுகின்றன.

வினா எழுந்ததே அன்றி விடை வேண்டப்படவில்லை. கண்டோர் அவரை நிறுத்தி யார் எவர் என்று கேட்கவில்லை. தமக்குள் கூறிக்கொள்ளும் வினா அது. யார் என்பது தெரியாதிருக்கும்போதே அவர் நல்லவர் என்றும் இரங்கத்தக்கவர் என்றும் துணிந்துவிட்டனர். பெயர் அறிதற்கு முன்னே அளி பிறந்துவிட்டது. அளி பிறந்தபின் பெயர் தேவைப்படவில்லை.

இப்பாட்டின் உவமையும் இக்கருத்தை வலியுறுத்தும். காற்று மோத வாகையின் முற்றிய நெற்றுக்கள் ஒலிப்பது, கயிற்றின்மேல் ஆடுவார்க்குக் கொட்டும் பறையொலி போன்றது என்கின்றார் புலவர். ஒலிக்கு ஒலி உவமை என்று கூறி அமைவது வழக்கம். யாம் அதற்குமேல் ஒன்று காண்கின்றோம். கழைக்கூத்தர் பறை கேட்கும் இடத்தில் பார்ப்போர் கூடுவர். கயிற்றின்மேல் நடப்பவன் விழுவானோ என்று வாய்திறந்து நிற்பர். அப்பறையொலி கேட்கும் சுரம் ஓர் ஆடுகளம் ஆகின்றது. வழிநடப்போர் கயிற்றின்மேல் நடப்போர் ஆகின்றனர். கண்டோர் பார்வைக் கூட்டத்தார் ஆகிவிடும் நிலை நேர்கின்றது. அந்நிலையிற் சென்று வீழாமல் அவரைக் காத்து நிற்பது அளியர் என்னும் ஒரு சொல்லே. வேடிக்கை பார்த்தற்கும் கண்டு இரங்குதற்கும் இடையே உள்ள தொலைவு அச்சொல்லின் அளவே ஆகும்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாட்டில் (9) இவ்வொழுக்கம் வேறொரு வகையில் அமைந்துள்ளது. மகளைத் தேடிவந்த செவிலி, வழியில் எதிர்ப்பட்ட முக்கோற் பகவரை வினவுகின்றாள். அவர் கண்டதை மறைக்கவில்லை. கண்டோம் என்றே கூறுகின்றனர். அவளைக் கண்ட அளவில் தாய் போலும் என்றும் உணர்ந்துகொள்கின்றனர். ஆயினும் எவ்வழிச் சென்றனர், எத்துணைத் தொலைவு சென்றனர் என்று தொடர்ந்து பிடித்தற்கு ஏற்ற அடையாளம் எதனையும் அவர் கூறவில்லை. மலையிற் பிறந்த சந்தனமும் கடலிற் பிறந்த முத்தும் யாழிற் பிறந்த இசையும் தம்மை நுகர்வார்க்கே பயன்படும் என்று கூறித் தாயின் உள்ளத்தை ஆற்றுகின்றனர். உண்மையும் கெடாமல், கண்டவரையும் காட்டிக்கொடாமல், கேட்பவரையும் புண்படுத்தாமல் சொல்லும் சொல்வன்மை இது. கண்டதைச் சொல்லுதல் எங்ஙனம் என்பதற்கு இதனினும் சிறந்த காட்டு வேண்டா.

அறியாச் செயலும் புலவர் கண்ணும்

கண்டோர் என்று வெளிப்படக் கூறப்படாத இடங்களிலும் புலவர் தாமே கண்டோராய் நின்று, மக்கள் தம்மை மறந்து செய்யும் செயல்களைக் காண்கின்றனர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், உலர வைத்த நெல்லைத் தின்னவரும் கோழியை மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையால் எறிகின்றனர். அக்குழை முற்றத்திற் கிடந்து சிறார் உருட்டும் சிறுதேரைத் தடுக்கின்றது. இப்பகுதியைச் சோழநாட்டு வளத்திற்குச் சான்றாகக் கூறுதல் மரபு. வளம் உண்மையே. எனினும் அதனுள் ஒரு கையின் இயல்பும் உள்ளது. கோழி வந்தது, கை எழுந்தது, கைக்கு எட்டியதை எடுத்தது, எடுத்தது பொன் என்பதைக் கை எண்ணவில்லை. தன்னை மறந்த அக்கணத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கண்டிருத்தல் வேண்டும், அல்லது கண்டாற்போல நினைந்திருத்தல் வேண்டும்.

இன்றும் பாபநாசத்துச் சாலையோரங்களில் அறுவடைக் காலத்தில் நெல் காய்கின்றது. ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் கொள்முதல் நிலையத்தில் இடர்ப்பாடு ஆதலின், வெயில் கண்ட இடத்திலெல்லாம் நெல்லைப் பரப்புவர். பெண்டிர் அந்நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு நடப்பர். அடிகள் இழுத்த கோடுகள் நெல்லின்மேல் வரிவரியாகத் தோன்றும். அக்கோடுகளை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டினப்பாலைப் புலவர் இன்று இவ்வழியே வந்தால் பொற்குழையைக் காணமாட்டார். இக்கோடுகளைக் காண்பார் என்பது எம் துணிபு.

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் காட்சியை இதனோடு ஒப்பிடலாம். தயிர் பிசைந்த விரலைத் தலைவி தன் ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள், ஆடையை மாற்றவில்லை, தாளிப்பின் புகை கண்ணில் நிறைகின்றது, அதனையும் பொருட்படுத்தவில்லை. கணவன் உண்டு இனிதென்றபோது அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. இதனைக் கண்டு வந்து நற்றாய்க்குக் கூறுபவள் செவிலி. இல்லத்தினுள் நிகழும் அறியாச் செயலை வளர்த்த தாயின் கண்ணே காணலாம். சுரத்தில் நிகழ்வதை அயலார் கண்டனர். அவர் நோக்கு அடியளவில் நின்றது. இல்லத்தில் நிகழ்வதைச் செவிலி கண்டாள். அவள் நோக்கு முகத்தின் நுண்மகிழ்ச்சி வரை சென்றது. உறவின் அளவே நோக்கின் அளவாக அமைந்திருத்தல் கருதற்பாலது.

அளியில்லா நோக்கு

இதற்கு மறுதலையான காட்சியைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிற் காண்கின்றோம். புகாரினின்றும் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் காவிரிக் கரை வழியே, நெல்வயல்களினூடே, மேற்கு நோக்கி நடக்கின்றனர். அரங்கம் கடந்து ஓடமேறித் தென்கரை அடைந்து, ஒரு பூம்பொழிலில் அமர்கின்றனர். அங்கே வம்பப் பரத்தை ஒருத்தியும் வறுமொழியாளன் ஒருவனும் வருகின்றனர். அவரும் கண்டோரே. காமனும் அவன் தேவியும் போன்ற இவர் யார் என்று அவரும் வினவுகின்றனர்.

குறுந்தொகைக் கண்டோர் கேட்ட வினாவும் இதுவே. சொல் ஒன்றாயினும் உள்ளம் வேறு. அங்கே வினா தமக்குள் எழுந்து அடங்கியது. இங்கே விடை வேண்டி எழுகின்றது. என் மக்கள் என்று கவுந்தியடிகள் விடை கூறியபோது, ஒரு வயிற்றிற் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்தலும் உண்டோ என்று எள்ளுகின்றனர். கண்ணகி செவி புதைத்து நடுங்குகின்றாள். அடிகளின் சாபத்தால் இருவரும் நரிகளாகி ஊளையிடுகின்றனர். கோவலனும் கண்ணகியும் அவர்க்காக இரந்தபின், பன்னிரு திங்கள் கழித்து மீளும் வரையறை கிடைக்கின்றது.

இரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. குறுந்தொகையில் காணப்பட்டோர் மணம் முடியாதவர். சிலம்பே அதனைக் காட்டிக்கொடுத்தது. ஆயினும் கண்டோர் அவரை நல்லோர் என்றனர். சிலப்பதிகாரத்தில் காணப்பட்டோர் தீவலம் வந்து மணந்தவர். ஆயினும் கண்டோர் அவரை இழித்துரைத்தனர். எனவே காட்சியின் தன்மை காணப்படுவோர் ஒழுக்கத்தால் அமைவதன்று. காண்போர் உள்ளத்தால் அமைவது. மற்றும் ஒன்று: சாபம் பெற்றோர்க்கு இரங்கியவர்கள் இழித்துரைக்கப்பட்ட அவ்விருவருமே. கண்டோரிடம் இல்லாதிருந்த அளி, காணப்பட்டோரிடம் இருந்தது. இளங்கோவடிகள் அமைத்த இம்மாற்றம் நம் ஆராய்ச்சிக்குப் பெருந்துணை.

பொதுநோக்கு

திருக்குறளில் பொதுநோக்கு என்னும் சொல் ஈரிடத்து வருகின்றது. சுற்றந்தழாலில் (528), அரசன் எல்லாரையும் ஒரு தன்மையாகவே நோக்காமல் அவரவர் தகுதி அறிந்து நோக்குதல் வேண்டும் என்னும் கருத்தில் வருகின்றது. அங்கே பொதுநோக்கு ஒரு குறை. காமத்துப்பாலின் குறிப்பறிதலில் (1099), காதலர் பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் அயலார் போல நோக்கிக்கொள்வர் என்னும் கருத்தில் வருகின்றது. அங்கே பொதுநோக்கு ஒரு திரை.

காதலர் மேற்கொள்ளும் நடிப்பு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. அயலார் அயலாரை நோக்குதற்கென்று உலகில் ஒரு நோக்கு முன்னரே உண்டு. அஃது இல்லையேல் காதலர் அதனை மேற்கொள்ள இயலாது. யாரையும் தனித்துப் பற்றாது, யாரையும் இகழாது, பட்டும் படாமலும் செல்லும் நோக்கு அது. ஆளுவோனுக்குக் குறையாகும் அந்நோக்கே வழிச்செல்வோனுக்கு அறமாகின்றது. கூட்டத்தின் நடுவே ஒவ்வொருவரும் தத்தம் தனிமையைச் சுமந்துகொண்டு அச்சமின்றி நடமாட முடிவது, பிறர் பொதுநோக்கினர் என்னும் நம்பிக்கையினால்தான். கண்டோர் கூற்றை இப்பொதுநோக்கில் அளி சுரந்த நிலை என்று வரையறுக்கலாம்.

புனைகதையில் கண்டோர்

இம்மரபு செய்யுளோடு நின்றுவிடவில்லை. தஞ்சை மண்ணின் சிறுகதையாசிரியர் பலர் கண்டோர் நிலையிலிருந்தே எழுதினர். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ திருச்சியிலிருந்து மாயவரம் செல்லும் வண்டியில் நிகழ்வது. தஞ்சை, பாபநாசம், குடந்தை என்று செல்லும் இருப்புப்பாதை அது. கோவலனும் கண்ணகியும் நடந்த காவிரி நாட்டினூடே செல்வது. தந்தையும் சிறு மகனும் ஒரு வண்டிப் பெட்டியில் உள்ளனர். வீட்டுவேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் ஏழைச் சிறுமி ஒருத்தி அதே பெட்டியில் இருக்கின்றாள். பெரியோர் அவளைப் பற்றி வினவியும் விடை கூறியும் வருகின்றனர். பிரியும் நேரத்தில், தான் ஆசையோடு வைத்திருந்த ஆரஞ்சுப்பழத்தைச் சிறுவன் அவளுக்குக் கொடுத்துவிடுகின்றான். தந்தைக்கு மெய் சிலிர்க்கின்றது.

இக்கதையைக் குழந்தையின் ஈர உள்ளத்தைக் காட்டும் கதை என்று பாராட்டுவர். அது தக்கதே. ஆயினும் கதையின் நடுநிலைக் கேள்வி தந்தையைப் பற்றியது என்பது எம் கருத்து. அவர் நன்கு காண்கின்றார், இரங்கவும் செய்கின்றார். ஆனால் அவர் கண்டது கண்ணளவில் நிற்க, சிறுவன் கண்டது கையளவில் வந்துவிட்டது. தொல்காப்பியக் கண்டோர் செய்யும் வேலையைச் செய்தவன் சிறுவனே. தந்தையின் சிலிர்ப்பில் மகிழ்ச்சியோடு சிறு நாணமும் கலந்துள்ளது என்று கொண்டால், கதை இன்னும் ஆழம் பெறும்.

தஞ்சைப் பகுதியினரான மௌனியின் ‘அழியாச்சுடர்’ இதற்கு எதிர்நிலையில் நிற்கின்றது. கோயிலுக்கு வழிபட வந்த பெண்ணை ஓர் இளைஞன் தொடர்ந்து நோக்குகின்றான். அவள் நினைவு இறைவனிடத்தது. அவன் நினைவு அவளிடத்தது. அவன் தன் வேட்கையைச் சொல்லிவிட்ட நிலையில், தூணிலுள்ள யாளி சினந்து எழுவதாக அவனுக்குத் தோன்றுகின்றது. கல் கண் திறந்து பார்க்கின்றது என்னும் இக்கற்பனையைத் திறனாய்வாளர் மனமயக்கம் என்றும் மறைபொருள் என்றும் பலவாறு விளக்குவர். யாம் எளிய ஒன்று கூறுவோம். நோக்கிக்கொண்டே இருந்தவன் நோக்கப்பட்டான். காண்பவன் தானும் காணப்படும் பொருள் என்பதை மறந்தபோது, அதனை நினைவூட்டக் கல்லுக்கும் கண் வந்தது.

தடையும் விடையும்

இங்கு இரு தடைகள் எழலாம். முதலாவது: கண்டோர் என்பது புலவர் அமைத்துக்கொண்ட உத்தி, அதனை நடைமுறை ஒழுக்கமாகக் கொள்ளுதல் பொருந்துமோ என்பது. புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்பது தொல்காப்பியர் கோட்பாடு. உலகில் அடியற்ற ஒன்று நெடுங்காலம் பாட்டில் வழங்காது. வழிப்போக்கர்க்கு ஊர் காட்டும் வழக்கம் நிலத்தில் இருந்தமையாலேயே நூலில் இடம் பெற்றது.

இரண்டாவது: அளி ஒன்றே முறை என்றால், பிறர் செயல் கண்டு நகுதல் முற்றும் விலக்காகுமோ என்பது. விலக்கன்று. மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் நான்கு என்றும், அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்றும் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் எள்ளல் ஒன்றே பிறரைத் தாழ்த்துவது. ஏனைய மூன்றும் மக்கள் தம்மை மறந்த நிலையிலிருந்து பிறப்பன; அவற்றைக் கண்டு முறுவலித்தல் அன்பின் ஒரு வடிவமே. பொற்குழையால் கோழி எறிந்த கையைக் கண்டு நாம் முறுவலிக்கின்றோம்; அம்முறுவல் அக்கையைத் தாழ்த்தவில்லை. வறுமொழியாளன் நகைத்த நகையோ எள்ளல்.

சுட்டும் படமும்

அகன் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் இல்லை என்பது இலக்கணம். இவ்விதி எத்துணைக் கடுமையாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. தூறலைப் பொருட்படுத்தாமல், மேலாடையின் இரு முனையும் தொங்கத் தெருவில் விரும்பியவாறு திரியும் வலிய மாக்களையும், இரவும் பகலும் தெரியாது கால் மாற்றி நிற்கும் புறாக்களையும் கண்ட நக்கீரரின் கண், அரசியின் தனிமை வரை செல்கின்றது. பாட்டு முழுதும் அகம். ஆயினும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டுள்ளது என்னும் ஒரு குறிப்புப் பாண்டியனைச் சுட்டிவிட்டமையின், அது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். பெயர் கூறப்படவில்லை, அடையாளப் பூ ஒன்றே பெயர் ஆயிற்று. அடையாளமும் பெயரே என்பது நம் உரையாசிரியர் முடிபு.

இம்முடிபு இன்றைக்கு இன்றியமையாதது. இற்றை நாளில் கண்டோர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உள்ளது. பேருந்தில் வாய் திறந்து உறங்குபவர், தமக்குள் பேசிச் செல்லும் முதியவர், தனித்து ஆடும் சிறுவர் ஆகியோரை அவர் அறியாமலே படமெடுத்துப் பல்லாயிரவர் நகைக்கப் பரப்புகின்றனர். பெயர் போடவில்லையே என்பர். முகமே சுட்டு. குறுந்தொகைக் கண்டோர் அடியில் நிறுத்திய நோக்கை, இக்கருவி முகத்தில் நிறுத்துகின்றது. அதனால் வழியிற் கண்டது வழியோடு முடியாமல் அலராகின்றது. நம் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. நாட்டுப்புறவியலுக்கும் வட்டார வழக்காய்வுக்கும் களம் செல்வோர், அயலார் பேச்சையும் செயலையும் பதிவு செய்கின்றனர். ஊரும் தெருவும் தொழிலும் குறித்துவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தோம் என்று அமைதி கொள்வது, வேம்பைப் பாடிவிட்டுப் பாண்டியனைப் பாடவில்லை என்பதனை ஒக்கும்.

இவ்வாறு பிறர்க்கு உரைக்கும் யாமும் பிழையினின்று நீங்கியவர் அல்லோம். பாபநாசம் வண்டி நிலையத்தில் ஒருநாள் மயிலாடுதுறை செல்லும் வண்டிக்குக் காத்திருந்தோம். அடுத்த இருக்கையில் முதிய பெண்மணி ஒருவர் சுருக்குப்பையை அவிழ்த்துப் பணத்தை எடுத்தார், வாய்க்குள் எண்ணினார், ஒரு தாளை மட்டும் மிகச் சிறிதாக மடித்து வெற்றிலைக்கு அடியில் வேறாக வைத்தார், மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். தயிர் பிசைந்த விரலைக் கூடலூர் கிழார் கண்டாற்போல யாமும் ஒன்று கண்டோம் என்னும் களிப்பில் நோக்கியிருந்தோம். அவர் நிமிர்ந்தார். எம் கண்ணைக் கண்டார். பையை இறுக்கி இடுப்பிற் செருகிக்கொண்டு மறுபுறம் திரும்பி அமர்ந்தார்.

அவர் கண்ணில் சினம் இல்லை, எச்சரிக்கை இருந்தது. எம்மைக் குறுந்தொகைக் கண்டோருள் ஒருவராக யாம் எண்ணியிருக்க, அவர் எம்மை வழிப்பறிப்போருள் ஒருவராக எண்ணினார். அவர் எண்ணியது பிழையென்று கூற எம்மிடம் சான்று யாதும் இல்லை. நெடும்பொழுது அருகில் இருந்தும் ஒரு சொல் யாம் பேசவில்லை. கண்ணை மட்டும் பயன்படுத்தினோம். தொல்காப்பியர் கண்டோர்க்கு விதித்தது மொழிதல் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. “வண்டி வர நேரமாகுமோ, அம்மா?” என்று கேட்டோம். உடனே விடை வரவில்லை. சற்றுப் பொறுத்து, “வரும், வரும். நேத்தும் இப்படித்தான் நின்னுச்சு” என்றார். பின்னர் வண்டி வரும்வரை மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். மடித்து வைத்த தாள் யாருக்கு என்று யாம் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பொதுவிடத்தில் மக்கள் தம்மை மறந்து செய்யும் செயல்களைக் காணுதல் குற்றமன்று; அக்காட்சியே நம் இலக்கியத்தின் செல்வங்களுள் ஒன்று. தொல்காப்பியர் அயலார் நோக்கிற்குக் கூற்றுரிமை தந்து, அலர் தூற்றுவார்க்கு அதனை மறுத்தார். பெரும்பதுமனார் அந்நோக்கை அடியில் நிறுத்தி அளியால் நிறைத்தார். இளங்கோவடிகள் அளியற்ற நோக்கின் கேட்டினைக் காட்டினார். நச்சினார்க்கினியர் அடையாளமும் சுட்டே என்று எல்லை வகுத்தார். இவ்வெல்லைகளைப் பழம்பாடற் பாடமாக மட்டும் கற்பித்து, நம் காலத்தின் கண்ணுக்கும் கருவிக்கும் பொருத்திக் காட்டாது விடுவோமாயின், கண்டோர் கூற்றைக் கற்றவர் ஆவோமே அன்றிக் கண்டோர் ஆகமாட்டோம்.